பெரிய டர்போ, சின்ன டர்போ, ஒரு பாட்டில் தண்ணி

என் பட்டறை மேஜைமேல் அன்றைக்கு இரண்டு டர்போ இருந்தன. ஒன்று சோற்றுப்பானை அளவு. இன்னொன்று தேங்காய் அளவு. பானையைத் தூக்கி வைக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. தேங்காயை நான் ஒற்றைக் கையில் எடுத்து வந்து வைத்தேன்.

சுற்றிப் பத்துப் பேர் நின்றார்கள். உப்பு லோடு ஏற்ற வந்த லாரிக்காரர்கள், வண்டியை அப்படியே நிறுத்திவிட்டு வந்து நின்றார்கள். டர்போ என்றால் என்ன என்று ஒருத்தனுக்கும் தெரியாது. எதைப் போட வேண்டும் என்று மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

"பெருசப் போடு மேஸ்திரி."

"இந்தச் சின்னது எதுக்கு? கொழந்தைக்குக் கிலுகிலுப்ப காட்டவா?"

காரின் சொந்தக்காரர் கோதண்டம், சந்தையில் காளையைத் தட்டிப் பார்ப்பது போலப் பெரியதைத் தட்டிப் பார்த்தார். மரக்காணத்தில் முப்பது பாத்தி உப்பளம் அவருக்கு. நல்ல உடம்பு. அதைவிட நல்ல மனசு. மூளையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

"சவரி, வண்டி என்னுது. நான் சொல்றேன். பெருசு."

உண்மையைச் சொல்கிறேன். எனக்கும் பெரியதைப் போடத்தான் ஆசை. அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நிற்கும்போது தேங்காயைக் கையில் எடுக்க எனக்கு வெட்கமாக இருந்தது. மெக்கானிக் வேலையில் பாதித் தப்பு வெட்கத்தால் வருகிறது. மீதி கோபத்தால் வருகிறது. அந்த மாதம் நான் இரண்டையும் செய்தேன்.

டர்போ என்பது பெரிய மந்திரம் இல்லை. சைலன்சர் வழியாக வீணாகப் போகிற புகை ஒரு விசிறியைச் சுற்றும். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு விசிறி. அது காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும். காற்று அதிகம் போனால் பெட்ரோலும் அதிகம் எரியும். வண்டி பிய்த்துக்கொண்டு போகும். அவ்வளவுதான். எழுபதுகளில் நம் பக்கத்தில் அதைப் பெரிய டீசல் இன்ஜின்களில் பார்க்கலாம். காரில் போட்டவன் யாரையும் எனக்குத் தெரியாது.

பிறகு நான் ஏன் போட்டேன்? அதற்குக் காரணம் ஒரு கல்யாணப் பந்தி.

பந்தியில் போட்ட பந்தயம்

நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தத் தொடரைப் படிக்கும் ஒரு வாசகர், "உங்களுக்கு ஏன் எல்லார்மேலும் இவ்வளவு கோபம்" என்று கேட்டு எழுதியிருக்கிறார். ஆசிரியரும் கொஞ்சம் குறைக்கச் சொல்கிறார். குறைத்துத்தான் எழுதுகிறேன்.

பாண்டிச்சேரியில் அருளப்பன் என்பவரின் ஒர்க் ஷாப்பில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தேன். இன்ஜினுக்குள் இருப்பது எல்லாம் நான். வெளியே நின்று வாடிக்கையாளரிடம் பேசுவது அவர். நான் பிரித்துக் கோத்த வண்டியை அவர் ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு, "நானே கை வெச்சேன் சார்" என்பார். நான் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். ஒன்பதாவது வருஷம் ஒருநாள் அடியிலிருந்து எழுந்து வந்து, "எந்தக் கையை வெச்சீங்க, காட்டுங்க" என்று கேட்டேன். அன்றைக்கே துணியைத் துவைத்து மடித்துக்கொண்டு மரக்காணம் வந்துவிட்டேன்.

நாலு தகரம், ஒரு சாய்ப்பு, ஒரு போர்டு. போர்டில் என் பெயர். எனக்கு அது போதும். அந்தப் போர்டுக்குக் கீழே நின்று என்னை யாரும் 'டேய்' என்று கூப்பிட்டதில்லை.

வேலைக்கும் குறைவில்லை. உப்புக் காற்று இரும்பைத் தின்னும். புது போல்ட் வாங்கி வந்து ஒரு வாரம் மேஜைமேல் வைத்தால் அது செம்மண் உருண்டையாகிவிடும். ஒரு லாரி டிரைவர் பிரேக்கை மிதித்தபோது தகரத் தரை பெயர்ந்து கால் ரோட்டில் பட்டது. செருப்பு தேய்ந்ததற்கு என்னிடம் சண்டைக்கு வந்தான்.

நாலு வருஷம் கழித்து, பாண்டிச்சேரியில் ஒரு கல்யாணம். மாதா கோயில் பூசை முடிந்து பந்தியில் உட்கார்ந்தால் எதிர் வரிசையில் அருளப்பன். என் பக்கத்தில் கோதண்டம்.

"என்னடா சவரி, உப்பளத்துல பட்டறையாமே. என்ன ரிப்பேர் பண்ற, துருவையா?"

"துருவத்தான் மொதலாளி. நீங்க பெயின்ட் அடிச்சு மறைக்கிறத நான் அங்க சொரண்டி எடுக்கறேன்."

இரண்டு வரிசையும் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அப்போதுதான் ஆறு சிலிண்டர் பெரிய கார் ஒன்றை வாங்கித் தானே டியூன் செய்து வைத்திருந்தார். டியூன் செய்தது அவர் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

"என் வண்டி முன்னாடி உங்க ஊர் வண்டி எதுனா நிக்குமாடா?"

வாயில் கறியோடு கோதண்டம் சொன்னார்: "எங்க வண்டி நிக்கும்."

கோதண்டத்திடம் இருந்தது நாலு சிலிண்டர், இரண்டு கதவு, பச்சை நிறத்தில் ஒரு சின்னக் கார். ஏறும்போது அவர் பக்கம் ஒரு சாண் இறங்கும். அருளப்பன் அதைப் பார்த்திருக்கிறார். அவருக்கு இப்போது சிரிப்பு வந்தது.

"சரி. உங்க அளத்து ரோட்டுலயே வெச்சுக்கலாம். தோத்தா என்னடா செய்வ?"

"சொல்லுங்க."

"போர்டக் கழட்டிட்டு என் பட்டறைக்கு வந்துடணும். நான் போன்னு சொல்ற வரைக்கும் இருக்கணும்."

"நீங்க தோத்தா?"

"உன் பட்டறைக்கு வந்து ஒரு நாள் முழுக்க ஸ்பானர் தொடச்சுக் குடுக்கறேன்."

வாயில் இருந்த சோற்றை விழுங்குவதற்கு முன்னால் தலையை ஆட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்து சொன்னபோது என் மனைவி பிலோமினா கேட்டது ஒன்றுதான்.

"பந்தியில உக்காந்துக்கிட்டுப் பட்டறையப் பந்தயம் வெச்சீங்களே, சோறாவது முழுசாத் தின்னீங்களா?"

பானை

அருளப்பன் காரை நாலு சிலிண்டரால் ஜெயிக்க ஒரே வழி காற்றைத் திணிப்பது. சென்னைக்குப் போய்ப் புதுப்பேட்டை காயலான் கடைகளில் இரண்டு நாள் அலைந்தேன். ஏதோ கப்பல் ஜெனரேட்டரிலிருந்து கழற்றிய பானை கிடைத்தது.

தேங்காய் வந்த வழி வேறு. குயிலாப்பாளையம் பக்கம் மரக்கன்று நட்டுக்கொண்டிருந்த வெள்ளைக்காரத் தாடிக்காரர் ஒருவர், அவருடைய தேசத்திலிருந்து தரை வழியாகவே கார் ஓட்டி வந்தவர். வந்த கார் ஒரு பாலத்தில் மோதிச் செத்துப்போனது. தண்ணீர் இறைக்கும் இன்ஜினை நான் ஓட வைத்துக் கொடுத்ததற்குச் செத்த காரிலிருந்து அந்த டர்போவைக் கழற்றிக் கொடுத்தார். அவர் ஒருத்தர்தான் பானையைப் பார்த்துவிட்டுத் தலையை இடமும் வலமும் ஆட்டினார். "பெரிசு வேண்டாம். தூங்கும்," என்றார். தமிழ் சரியாக வராததால் தப்பாகச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

பானையை மாட்டினேன். பானெட்டை மூட முடியவில்லை. அறுத்தேன்.

சோதனை ஓட்டத்துக்குக் கோதண்டமும் ஏறிக்கொண்டார். உப்புக் கிடங்கிலிருந்து கால்வாய்ப் பாலம் வரை லாரி போகிற ரோடு. ஒரு மைல் இருக்கும். நேர் ரோடு, பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் மட்டும் ஒரு வளைவு. இரண்டு பக்கமும் உப்புப் பாத்தி, வெயிலில் கண்ணைக் குத்தும் வெள்ளை.

ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்தேன். ஒன்றும் இல்லை. டர்போ மாட்டுவதற்கு முன் போனதைவிட மெதுவாகப் போனது.

"இன்னும் முழிக்கலியா?" என்றார் கோதண்டம்.

"இருங்கண்ணா."

"காத்தால கிளம்பி மத்தியானத்துக்குப் போய்ச் சேருமா?"

"பேசாம இருங்கண்ணா."

தாடிக்காரர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். சின்ன இன்ஜின் விடுகிற புகை அந்தப் பெரிய விசிறியைச் சுற்றப் போதவில்லை. அது மெள்ள மெள்ளச் சுற்றி, வேகம் பிடித்து, ஒருவழியாக முழித்துக்கொண்டபோது நாங்கள் வளைவில் இருந்தோம். யாரோ பின்னாலிருந்து எட்டி உதைத்த மாதிரி வண்டி எகிறியது. நான் வளைத்தேன். வண்டி வளையவில்லை. நேராகப் பாத்திக்குள் இறங்கி முழங்கால் ஆழத்தில் நின்றது.

கரையில் கன்னியப்பன் நின்றுகொண்டிருந்தான். கோதண்டத்தின் பாத்திகளைப் பார்த்துக்கொள்பவன், என் வயதுக்காரன், வாயில் வார்த்தை அதிகம் வராது. உப்புத் தண்ணீரின் அடர்த்தியை அளக்கிற கண்ணாடிக் குழாய் ஒன்று எப்போதும் அவன் இடுப்பில் இருக்கும். அளத்தில் அதை டிகிரி கண்ணாடி என்பார்கள். அவன் எங்களைத் தூக்க வரவில்லை. முதலில் குனிந்து பாத்தித் தண்ணீரில் கண்ணாடியை விட்டுப் பார்த்தான்.

"மேஸ்திரி, நாளைக்கு உப்பு எறங்கற தண்ணி. கலக்கிட்டீங்களே."

"ஏம்பா, மனுசன் உயிரோட இருக்கானான்னு பாக்க மாட்டியா?"

"பேசறீங்களே," என்றான்.

கோதண்டம் கதவைத் திறக்க முடியாமல் ஜன்னல் வழியாகப் பாதி வெளியே வந்து அங்கேயே மாட்டிக்கொண்டார். அவரை இழுத்தெடுக்க ஆறு பேர் ஆனது. கரைக்கு வந்து வேட்டியைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "சவரி, சின்னது நல்லாருக்கும்னு எனக்கு அப்பவே தோணுச்சு."

தேங்காய்

காரைப் பாத்தியிலிருந்து இழுத்துக் கழுவித் தேங்காயை மாட்டியபோது வேடிக்கை பார்க்க யாரும் வரவில்லை. நிம்மதியாக வேலை செய்தேன்.

பெட்ரோலைக் காற்றோடு கலக்கிற கார்புரேட்டரை ஒரு பிஸ்கட் டின்னுக்குள் அடைத்துச் சுற்றிலும் பற்றவைத்தேன். டர்போவிலிருந்து வரும் காற்று அந்த டின்னுக்குள் போகும். பெட்ரோல் பம்புக்கும் அதே காற்றில் ஒரு குழாய், இல்லாவிட்டால் காற்றை எதிர்த்துப் பெட்ரோல் வராது. சிலிண்டருக்குள் அமுக்கம் மிஞ்சாமல் இருக்க, அதன் மூடியான ஹெட்டுக்கு அடியில் ஒன்றுக்கு இரண்டு கேஸ்கெட். கார்புரேட்டர் ஜெட்டின் ஓட்டையை ஊசியால் துளித்துளியாகப் பெரிதாக்கினேன்.

காற்று எவ்வளவு அமுக்கத்தில் போகிறது என்று தெரிய வேண்டும். மீட்டர் கிடையாது. பிலோமினாவின் பிரஷர் குக்கர் இருந்தது. அதன் வெயிட்டை எடுத்து அரத்தால் ராவிப் பாதியாக்கி, டின்மேல் ஒரு சின்ன ஓட்டையில் உட்கார வைத்துக் கம்பிக் கூண்டு கட்டினேன். அமுக்கம் ஏறினால் விசில் அடிக்கும். விசில் கேட்டால் நான் காலைத் தளர்த்த வேண்டும்.

மூன்று நாளாகப் பருப்பு ஏன் வேகவில்லை என்று பிலோமினா கண்டுபிடித்த பிறகு நான் பட்டறையில்தான் சாப்பிட்டேன், படுத்தேன்.

வண்டி ஓடியது. மிதித்த உடனே இழுத்தது. ஆனால் அமுக்கம் ஏறினதும் இன்ஜினுக்குள் தட்டல் சத்தம், ஆணியைத் தகர டப்பாவில் போட்டுக் குலுக்குகிற மாதிரி. அப்போது கிடைத்த பெட்ரோல் அப்படி. நேரத்துக்கு முன்னாலேயே தானாக வெடிக்கும். அப்படியே விட்டால் பிஸ்டனில் ஓட்டை விழும். பற்றவைக்கும் நேரத்தைத் தள்ளி வைத்துப் பார்த்தேன். தட்டல் குறைந்தது, இழுவையும் குறைந்தது.

தாடிக்காரரைத் தேடிப் போனேன். அவர் முன்னே விமான மெக்கானிக்காக இருந்தவர். கன்றுக்கு மண் அணைத்துக்கொண்டே சொன்னார்.

"தண்ணி. இன்ஜின் உள்ளே, கொஞ்சம் தண்ணி."

"தண்ணி போனா இன்ஜின் நின்னுடும்."

"நிறைய போனா நிக்கும். கொஞ்சம் போனா, சூடு போகும். பிளேன் எல்லாம் அப்படி."

கண்ணாடி துடைக்கத் தண்ணீர் பீய்ச்சுகிற பிளாஸ்டிக் பாட்டிலைக் கழற்றினேன். டர்போ காற்றில் ஒரு குழாய் எடுத்து அந்தப் பாட்டிலை அமுக்க விட்டேன். அமுக்கம் ஏறும்போது மட்டும் ஒரு ஊசித் துளை வழியாகத் தண்ணீர் கார்புரேட்டருக்குள் பனியாகத் தெறிக்கும். மிதித்தேன். விசில் அடித்தது. தட்டல் இல்லை. மறுபடி மிதித்தேன். இல்லை. பற்றவைக்கும் நேரத்தைப் பழையபடி முன்னுக்குக் கொண்டுவந்தேன். அப்போதும் இல்லை.

அந்த ரோட்டில் தனியாக மேலும் கீழும் ஒரு மணி நேரம் ஓட்டினேன். சிரித்துக்கொண்டே ஓட்டினேன் என்று கோதண்டம் பிறகு ஊரெல்லாம் சொன்னார். நான் சிரித்ததை அவர் அதுவரை பார்த்ததில்லையாம்.

சனிக்கிழமை காலை

வெயில் ஏறுவதற்கு முன்னால் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு. காற்று குளிர்ந்திருந்தால் இன்ஜினுக்கு நல்லது. கிடங்கு வாசலில் ஊரே நின்றது. எக்கியார்குப்பத்திலிருந்து வலையைப் போட்டுவிட்டு வந்தவர்கள்கூட இருந்தார்கள். அருளப்பன் வெள்ளைச் சட்டையில் வந்து இறங்கினார்.

"போர்டு கழட்ட ஸ்குரு டிரைவர் எடுத்துட்டு வந்திருக்கேன்டா."

"பத்திரமா வெச்சுக்குங்க. ஸ்பானர் தொடைக்கும்போது சேத்துத் தொடைக்கலாம்."

நான் கடைசியாக ஒருமுறை பிளக்குகளைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். கையெல்லாம் கரி. பாட்டிலைப் பார்த்தேன், காலி. அதுவரை நானே பட்டறைக் கிணற்றில் பிடித்து ஊற்றிக்கொண்டிருந்தேன். கன்னியப்பன் பக்கத்தில் நின்றான். பாட்டிலை அவனிடம் நீட்டினேன்.

"கன்னியப்பா, இதுல தண்ணி ரொப்பிட்டு வா. நல்ல தண்ணியா ஊத்து, உசுரு அதுலதான் இருக்குது."

அவன் தலையாட்டிவிட்டுப் போனான். வர நேரம் ஆனது. திரும்பி வந்தபோது பாட்டில் நிறையத் தெளிந்த தண்ணீர். வாங்கி மாட்டினேன்.

கோதண்டம் துண்டை உயர்த்தி இறக்கினார். கிளம்பினோம்.

முதல் பாதி ரோட்டை நான் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன், கேட்கிறவர்கள் எழுந்து போனாலும் சொல்வேன். அருளப்பன் கார் உறுமிக்கொண்டு கிளம்புவதற்குள் என் பச்சைக் கார் இரண்டு வண்டி நீளம் முன்னால் இருந்தது. குக்கர் விசில் கத்தியது. கரையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். கண்ணாடியில் பார்த்தேன். பெரிய காரின் மூக்கு சின்னதாகிக்கொண்டே போனது. ஒன்பது வருஷம் வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்தவன் முன்னால் போகிறேன், அவர் என் புகையைத் தின்கிறார்.

வளைவைத் தாண்டியதும் இன்ஜின் இருமியது. ஒரு சிலிண்டர் போனது. பிறகு இன்னொன்று. மிதித்தேன், விசில் நின்றுவிட்டது. சைலன்சரிலிருந்து மஞ்சளாகத் தீ வந்ததாகப் பிறகு சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. நான் பார்த்தது பக்கத்தில் ஏறி வந்த வெள்ளைச் சட்டையை. ஹார்ன் அடித்துக்கொண்டே தாண்டினார். பாலத்தை அவர் தொட்டபோது நான் நாற்பதடி பின்னால் இரண்டு சிலிண்டரில் குதித்துக் குதித்து வந்துகொண்டிருந்தேன்.

எத்தனை டிகிரி?

பானெட்டைத் திறந்தேன். பிளக்கைக் கழற்றினேன். கரி இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தது. இரண்டாவதும் வெள்ளை. சைலன்சர் வாயில் விரலை விட்டு எடுத்து நாக்கில் வைத்தேன்.

கரித்தது.

"கன்னியப்பா."

வந்தான்.

"பாட்டில்ல என்னப்பா ஊத்தின?"

"நல்ல தண்ணி."

"எங்க புடிச்ச?"

"ஏழாம் பாத்தியில மேஸ்திரி. மொதல்ல நாலாம் பாத்தியில பாத்தேன், இருபத்திரண்டு டிகிரிதான் இருந்துது. நீங்க உசுரு அதுலதான்னு சொன்னீங்களேன்னு ஏழு வரைக்கும் நடந்தேன். சரியா இருபத்தஞ்சு. துண்ட நாலா மடிச்சு வடிகட்டித்தான் ஊத்தினேன்."

நாலு வருஷம் அந்த ஊரில் இருந்தும் நான் இதைக் கற்றுக்கொள்ளவில்லை. கடல் தண்ணீர் மூன்று டிகிரியில் அளத்துக்குள் வரும். பாத்தி பாத்தியாக வெயிலில் வற்றி, இருபத்தைந்தில் உப்பை இறக்கும். அளத்துக்காரனுக்கு அதுதான் நல்ல தண்ணி. நீங்களும் நானும் குடிக்கிறது அவனுக்கு வெறும் குடிதண்ணி. நான் இருப்பதிலேயே நல்ல தண்ணீர் கேட்டேன். அவன் இருப்பதிலேயே நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான்.

கத்துவதற்காக வாயைத் திறந்தேன். யாரைப் பார்த்துக் கத்துவது? அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் கவலையெல்லாம் வேறு.

"இன்னும் ஒரு டிகிரி ஏறியிருக்கணுமா மேஸ்திரி?"

கோதண்டம்தான் முதலில் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மட்கார்டுமேல் சாய்ந்தார். வண்டி ஒரு சாண் இறங்கியது. அதற்குள் செய்தி கரை முழுக்கப் பரவிச் சிரிப்பும் பின்னாலேயே வந்தது. கடைசியில் எனக்கும் வந்தது, என்ன செய்ய. கன்னியப்பன் ஒருத்தன்தான் சிரிக்கவில்லை. விஷயம் புரிந்ததும் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"யோவ், நீ கேட்டதக் குடுத்த. நான் கேக்கத் தெரியாம கேட்டேன். எந்திரி."

அருளப்பன் பிளக்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உங்க ஊர்ல இன்ஜினுக்குள்ளயும் உப்பு வெளையுதுடா சவரி."

"இது செல்லாது," என்றார் கோதண்டம். "தண்ணி மாறிப்போச்சு. மறுபடி ஓட்டணும்."

"வேணாம்ணா," என்றேன். "தோத்தாச்சு."

பாலத்தை அவர்தான் முதலில் தொட்டார். அதை மாற்றிப் பேச எனக்கு நாக்கு வராது. அன்று மத்தியானம் அவருடைய ஸ்குரு டிரைவராலேயே போர்டைக் கழற்றினேன். துருப்பிடித்த ஸ்குரு, லேசில் வரவில்லை. சிரிப்பெல்லாம் அப்போது நின்றுவிட்டது. தகரத்தில் போர்டு இருந்த இடம் மட்டும் புதிதாக மின்னியது. நான் அதைப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு நான் டிரங்குப் பெட்டியில் துணி அடுக்குவதைப் பிலோமினா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு இவ்வளவு? மூணு நாளைக்கு எடுத்துக்குங்க போதும்."

"அவரு போன்னு சொன்னாத்தான் வர முடியும்."

"அதான் சொல்றேன்."

அருளப்பன் சொன்ன வார்த்தை

திங்கட்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. வாயைத் திறக்காமல் வேலை செய்தேன். அருளப்பன் எல்லாரிடமும், "சவரி திரும்பி வந்துட்டான், ரொம்பக் கெஞ்சினான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு கார்புரேட்டரைப் பிரித்துக் கோத்தேன். "நானே கை வெச்சேன் சார்," என்றார். நான் வண்டிக்கு அடியில் இருந்தேன். மேலே பார்த்துக்கொண்டு, இப்படியே எத்தனை வருஷம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை பிரெஞ்சுப் பென்ஷன் வாங்குகிற பெரியவர் ஒருவர் வந்தார். மீசையை முறுக்கி மெழுகு தடவியவர். கிளட்ச் தேய்கிறது என்று அந்த வருஷத்தில் நாலாவது தடவை வருகிறார். அருளப்பன் கையைக் கட்டிக்கொண்டு, "மட்டமான பிளேட் சார், இந்தத் தடவ ஒசத்தியாப் போட்டுடறேன்" என்றார். என்னிடம் திரும்பி, "டேய், ஐயாவோட போய் ஒரு ரவுண்டு பாத்துட்டு வா" என்றார்.

பீச் ரோட்டில் ஒரு ரவுண்டு போனோம். நான் ரோட்டைப் பார்க்கவில்லை. பெரியவரின் இடது காலைப் பார்த்தேன்.

திரும்பி வந்ததும் அருளப்பன் கேட்டார்: "என்னடா, பிளேட்டுதானே?"

இதற்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்கும் தெரியும். பேசாமல் பிளேட்டை மாற்றியிருக்கலாம். நான் வேண்டுமென்றே சொன்னதாகத்தான் கோதண்டம் கடைசிவரை நம்பினார். பிலோமினா இன்றும் நம்புகிறாள். சத்தியமாக இல்லை. கேட்டார், சொன்னேன்.

"வண்டிக்கு ஒண்ணும் இல்ல மொதலாளி. ஐயா காலுக்குத்தான் ரிப்பேர். கிளட்ச்சுமேல கால வெச்சுக்கிட்டுத் தூங்கறாரு. மூணு தடவ பிளேட்டு மாத்தினீங்களே, ஐயா ஓட்டறத ஒரு தடவ கூடப் பாக்கலியா?"

பெரியவர் என்னைப் பார்த்தார். அருளப்பனைப் பார்த்தார். மீசை நடுங்கியது. காரில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினார். இந்தத் தடவை கிளட்ச்சிலிருந்து காலைச் சுத்தமாக எடுத்து, அழகாக ஓட்டிக்கொண்டு போனார். நான் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

அருளப்பனின் முகம் கறுத்தது, சிவந்தது. ஒர்க் ஷாப்பே வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

"போடா வெளியே."

சரியாகத்தான் கேட்டேனா என்று சந்தேகம்.

"மொதலாளி, போன்னு சொல்றீங்களா?"

"செவுடாடா? போ. இனிமே இந்த வாசப்படி மிதிக்காத. போ, போ."

சுற்றி எட்டுப் பேர் சாட்சி. கையைக்கூடத் துடைக்கவில்லை. பிலோமினா கட்டிக் கொடுத்த மூன்று நாள் துணி மூட்டையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவில் இறங்கினேன். நாலு கடை தாண்டியிருப்பேன், பின்னாலிருந்து அருளப்பனின் குரல் கேட்டது. கோபம் போய் இப்போது வேறு மாதிரி இருந்தது அந்தக் குரல்.

"டேய் சவரி, டேய், நில்றா."

பஸ் ஸ்டாண்டுக்கு ஓட ஆரம்பித்தேன்.